அறுபத்து நான்கு

தார்த்துவில் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும்
உர்மாஸின் மின்னஞ்சல் முகவரியை
லீவிகா துண்டாக்கினாள்.
பெயர் தலைகீழாக ஒரு வரியில்,
தளம் எங்கோ கீழே,
நடுவில் வாலைச் சுருட்டிய குறிக்குப் பதில்
வெறும் அறுபத்து நான்கு.

(எனக்கோ கலைகள் ஞாபகம் வந்தன.
ஒளித்துவைப்பது அதில் எத்தனையாவது?)

பக்கம் திறந்தால்
ஜாவாஸ்கிரிப்ட் ஒட்டிக் காட்டும்.
நிரலை மேயவரும் பொறிகளுக்கு
உமி.

குப்பை அஞ்சல் நின்றது. மற்றதும்
கொஞ்சம் குறைந்தது.

பிப்ரவரியில் ஹீயுமா தீவிலிருந்து
தபால் அட்டை:
"என் கணினியில் ஸ்கிரிப்ட் ஓடாது.
முகவரி இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை.
ஜன்னலிலும் அதேதான்.
பியானோவில் ஒரு கட்டை ஊமை.
வருவீர்களா?"

அன்றிரவே லீவிகா
அந்த வெள்ளையில் தொலைபேசி எண்ணை
எண்ணாக இல்லாமல்
சொல் சொல்லாக எழுதிவைத்தாள்.

உர்மாஸ் படகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.