நாடா எண் முப்பத்தொன்று

மேலட்டையில் ஈரம் தின்றது போக மிஞ்சிய மை:
பிரெஞா, கார் கொட்டகை, ஆகஸ்ட்.
ஆண்டு எழுதியிருந்த மூலை எலிக்குப் போய்விட்டது.

லீமாவில் மழை பெய்வதில்லை.
ஆகாயம் ஆறு மாதம் வியர்க்கும், அவ்வளவுதான்.
அந்த வியர்வை நாடாவுக்குள்ளும் இறங்கியிருக்கிறது.
துடைத்துத் துடைத்துப் படம் செய்கிறேன்
முப்பத்தெட்டு வருடத்து இரைச்சலை.

அன்றிரவு நானும் இருந்தேன் என்று
இதுவரை இருநூற்றுப் பதினாறு பேர்
கேமரா முன் சொல்லிவிட்டார்கள்.
கொட்டகையில் ஒரு வோக்ஸ்வேகன் நின்றது போக
நாற்பது பேருக்கு மேல் நிற்க இடமில்லை.

கித்தார் வாசித்த எராக்லியோ இப்போது நோட்டரி.
முத்திரைக் கட்டையை மேசையில் குத்தியபடியே பேசினார்:
"எங்களுக்குத் தெரிந்தது மூன்று சுரம்.
அதில் ஒன்று தப்பு."

பாடிய நெய்தா பேட்டி தரவில்லை.
கதவைப் பாதி திறந்து,
"அந்தப் பாட்டெல்லாம் என் பிள்ளைகளுக்குத் தெரியாது,
தெரியவும் வேண்டாம்" என்றாள்.
படியிறங்கும்போது உள்ளேயிருந்து
அவள் சிரிப்பது கேட்டது.

நான்காவது நிமிடம் வரை படம் இருக்கிறது.
ஒலிவாங்கியைக் கடித்துவிடுகிற தூரத்தில் வைத்து
போலீஸ்காரனின் பூட்ஸைப் பற்றிக் கத்துகிறாள் நெய்தா.
ஐந்தாவது நிமிடம்
மலையில் எங்கோ ஒரு மின்கோபுரம் சாய்கிறது.

அது நாடாவில் இல்லை.
நாடாவில் இருப்பது இருட்டு.

கித்தார் செத்தது. பேஸ் செத்தது.
நெய்தாவின் குரல் ஆளளவுக்குச் சுருங்கியது.
பேட்டரியில் ஓடும் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது.
டிரம்முக்கும் தெரியாது.
பெயின்ட் டின், காரின் சக்கர மூடி,
கடன் வாங்கிய ஒரே ஒரு ஸ்நேர்,
கோயோ அடித்துக்கொண்டே இருக்கிறான்
பதினோரு நிமிடம்.

தீக்குச்சி உரசும் சத்தம்.
"பெட்ரோல் இருக்குடா, மடையா!"
ஒரு பெண் என் செருப்பு, என் செருப்பு என்கிறாள்.
பிறகு நாற்பது தொண்டைகளும்
அந்தப் பூட்ஸ் பாட்டைக் கையிலெடுக்கின்றன.
ஒன்றோடொன்று சுதி சேரவில்லை.

இரண்டாம் வாரம்தான் கவனித்தேன்,
அடியில் இன்னொரு தாளம் ஓடுகிறது.
கோயோவுக்கு அரை மாத்திரை பின்னால்,
தட தட தட.

சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரி ஒர்தென்சியா.
போலீசுக்குப் போன் செய்தவர் அவர்தான்.
"பதினெட்டுத் தடவை" என்றார், பெருமை குறையாமல்.
"கரண்ட் போனபிறகுதான் ஒழுங்காக வாசித்தார்கள்.
என்னுடையது கால்மெஷின்.
அந்தப் பையன் அடிக்க அடிக்க
என் காலும் நிற்கமாட்டேன் என்றது.
பள்ளிக்கூடச் சட்டை ஒன்பது முடித்தேன்.
ஒன்றுக்குக் காலர் தலைகீழ்."

தயாரிப்பாளர் எழுதியிருக்கிறார்:
கறுப்புத் திரையை யார் பார்ப்பார்கள்,
நாற்பது நொடி போதும்.
பார்ப்பதற்காக அல்ல என்று பதில் அடித்து
அனுப்பாமல் அழித்தேன்.

இன்னொரு சங்கதி.
இந்த நாடாவைப் பிடித்தது யார்?
இருநூற்றுப் பதினாறு பேரில்
ஒருவருக்கும் நினைவில்லை.
வோக்ஸ்வேகன் கண்ணாடியில் ஒரு கணம்
ஒரு முழங்கை, அதற்கு மேல் கிடையாது.
கோயோவிடம் கேட்கலாம் என்றால்
அந்த டிசம்பரில் பஸ் ஏறப் போனவன்
இன்னும் எந்த ஊரிலும் இறங்கவில்லை.

இருட்டின் ஏழாவது நிமிடத்தில்
மைக்குக்கு மிக அருகில் ஓர் இருமல்.
ஆணா பெண்ணா தெரியவில்லை.
நெஞ்சில் சளி கட்டிய ஆகஸ்ட் மாத இருமல்.
அடக்கப் பார்த்து, தோற்று, மறுபடி இருமி,
பிறகு தாழ்ந்த குரலில்
மன்னிக்கணும் என்கிறது.

யாரிடம்?
பக்கத்தில் நின்றவரிடமா, நாடாவிடமா?
ஹெட்போனைக் கழற்றிவிட்டு
பரவாயில்லை என்றேன், வாய்விட்டு.

விடிவதற்குள் பெயர்ப் பட்டியல் போக வேண்டும்.
தட்டச்சு செய்கிறேன்:

டிரம், கோயோ.
தையல், ஒர்தென்சியா.
ஒளிப்பதிவு, இருமியவர்.