பதினான்காம் பிளாக்கில் ஏழு கற்கள்

செம்பனைக்கு முன்னால் கித்தா,
கித்தாவுக்கு முன்னால் காடு,
காட்டுக்கும் முன்னாலிருந்து இவை நிற்கின்றன என்கிறார்
மியூசியத்திலிருந்து வந்த ரொஸ்டி.
நிற்கட்டும்.
மருந்துத் தோம்பை முதுகில் ஏற்றி
இவற்றைச் சுற்றிப் பதினொரு வருடம்
லாலான் அடித்தவள் நான்.

சுங்கை செரிந்திட் டவுன் என்றால் ஒரு வரிசைக் கடை,
ஒரு எண்ணெய் ஆலை,
கள்ளுக்கடை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை.
அங்கே வழி கேட்டால் கம்பத்துக்காரர்கள் சொல்வார்கள்:
பத்து ஹிடோப். உயிருள்ள கல்.
ராத்திரியில் வளருமாம்.
எங்கள் ஆட்கள் ஒன்றுக்கு மஞ்சள் பூசினார்கள்,
அடுத்த வருடமே மறந்தார்கள்.

நெட்டைக் கல்லைத்தான் ரொஸ்டி முதலில் துடைத்தார்.
நடுவில் யாரோ கொத்திய வாள்.
அதன் பக்கத்தில் குதிரையோ மயிலோ.
மேலே, வெகுகாலம் கழித்து வந்த கை ஒன்று
அரபு எழுத்தில் செதுக்கிய ஆண்டவன் பெயர்.
ஒருவரும் இன்னொருவரை அழிக்கவில்லை.
பஸ்ஸில் நகர்ந்து உட்காருகிற மாதிரி
இடம் பார்த்துச் செதுக்கியிருக்கிறார்கள்.
பிறகு சர்வேக்காரனின் அம்பு.
பிறகு டிராக்டர் சங்கிலி இழுத்த பள்ளம்;
பிடுங்கப் பார்த்தார்கள், அறுந்தது சங்கிலிதான்.

வடக்கு முகத்தில் சின்னச் சின்னக் கோடுகள்.
'கிறுக்கல். புதுசு. கணக்கில் இல்லை'
என்று ரொஸ்டி மலாயில் எழுதினார்.

கணக்கில் இல்லாததால்தானே கல்லுக்கு வந்தது.
பால்மரக் காலத்தில் ஒச்சம்மா அக்கா,
தண்டல் பேர் போடாத நாளிலெல்லாம்
பால் நிறுத்துவிட்டுத் திரும்பும் வழியில்
உளியால் ஒரு கோடு இழுத்தாள்.
செக்ரோலில் அவள் வரவில்லை.
லேபர் ஆபீஸில் கேட்டார்களாம்:
கல்லைத் தூக்கிக்கொண்டு வாயேன், பார்க்கலாம்.
தம்பின் ஆஸ்பத்திரி வரிசையில்
மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு
இதை எனக்குச் சொல்லிச் சிரித்தாள்.

கற்களருகே மருந்து அடிக்கக் கூடாதென்று போர்டு.
நான் அடிப்பேன். கொஞ்சம்.
பாசி காய்ந்து உதிர்ந்தால் கோடு தெரியும்.
வாளும் தெரியும், ஆண்டவன் பெயரும் தெரியும்,
அதற்கு நான் பொறுப்பில்லை.

சும்மா எண்ணிப் பார்த்து 'முப்பத்தொன்று' என்றார்.
முப்பத்திரண்டு என்றேன்.
திரும்ப எண்ணினார்.
முப்பத்தொன்று.

முதல் கோட்டை அவள் உட்கார்ந்து போட்டாள்,
ஏழு மாச வயிறு, குனிய முடியாது.
கல் வளரவில்லை, என்சேக்.
ஓலை அழுகி அழுகி
மண்தான் ஏறியிருக்கிறது.

ரொஸ்டி தொப்பியைக் கழற்றினார்.
பிரஷ்ஷை வைத்துவிட்டு விரலால் தோண்டினார்,
மணிக்கட்டு மறையும் வரை.
தோம்பு தோளை அறுத்தது. நான் இறக்கவில்லை.
கை மண்ணுக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தது.

'அடா' என்றார்.
மலாயில் அதற்கு இருக்கு என்று அர்த்தம்.
தமிழிலும் அவர் முகத்துக்குப் பொருந்தியது.
எனக்கு இன்னும் நாலு நிரை பாக்கி.