பதினோராம் பாகம்

மானிட்டோபா ஏரிக்கரை, செப்டம்பர் இரவு.
போன பாகத்தில் சாம்பலான கோடரிக்காரன்
எழுந்துவிட்டான், அதற்கென்ன.
முகமூடிக்குள் வாஸில்,
முழங்காலில் கட்டு.

டார்லீன் சோளப்பாகில் சிவப்பைக் கரைக்கிறாள்.
"கதைதான் ஊசிப்போச்சு,
ரத்தம் தினமும் புதுசு."

ஆறாவது தடவையாகச் சாகிற பெண்
கொட்டாவியை விழுங்கிவிட்டு அலறினாள்.
இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார்.

அப்போது
பாகு வாசனைக்கு வந்த குளவியொன்று
முகமூடியின் கண்துளையில் நுழைந்தது.

இருபத்தாறு வருடம்
வெறும் மூச்சாகவே நடமாடியவன்
வீலென்று கத்தினான்.
ரப்பர் கோடரியை வீசிவிட்டு
ஏரிக்குள் ஓடினான்.

யாரும் சிரிக்கவில்லை.
டார்லீனின் கரண்டி அந்தரத்தில் நின்றது.
"கட்" சொல்ல மறந்துபோனார் இயக்குநர்.

மறுநாள்
இரண்டு டப்பா பாகு திறந்துவைத்து
விடியும்வரை காத்திருந்தார்கள்.
குளவி வரவில்லை.