திறப்பு

ஸ்காபரோ, மார்க்கம் வீதி, நிலக்கீழ் மண்டபம்.
மேலே கராத்தே வகுப்பு.
ஒவ்வோர் உதைக்கும் எங்கள் கூரையிலிருந்து
கொஞ்சம் வெள்ளைத் தூள் கணக்குப் புத்தகத்தில் விழும்.
ஊதித் தள்ளிவிட்டு எழுதுவேன்:
நாவற்கண்டல் மக்கள் ஒன்றியம், கனடா.
இருப்பு: நாற்பத்திரண்டாயிரத்து அறுநூறு டொலர்.

இராப்போசன விருந்தில் சேர்ந்த காசு.
கலையரங்கம் கட்டுவதாய்த் தீர்மானம்.
படம் கீறியாயிற்று.
பளிங்குக் கல்லில் யார் பெயர் முதலில் என்பதற்கு மட்டும்
மூன்று கூட்டம் போனது.

அப்போதுதான் ஊரிலிருந்து குரல்பதிவு வந்தது.
மாதர் சங்கத்துச் செல்வமதி, பின்னால் நாய் குரைக்க:
"காசை இப்ப அனுப்பாதேங்கோ.
நாங்கள் இன்னும் கதைச்சு முடிக்கேல்லை."

தலைவர் இரண்டு தரம் போட்டுக் கேட்டார்.
வேண்டாம் என்று சொல்ல
இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்றார்.
ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
அதுதான் விஷயம்.

அவர்கள் கதைத்தது ஒரு திறப்பைப் பற்றி.
வாய்க்கால் கதவுப் பூட்டின் திறப்பு.
முப்பது வருடமாய் ஒரே இடுப்பில் தொங்கியது.
சண்டை வந்து, ஊர் எழும்பி ஓடி,
முகாமில் கிடந்து திரும்பியபோதும்
அதே இடுப்பில் போய் அதே இடுப்பில் வந்தது.
கிழக்குக் கரை வீடுகளுக்குத் தண்ணீர்
எப்போதும் இரவில், எப்போதும் மிச்சம்.
ஏன் என்று ஊருக்குத் தெரியும்.
எங்களுக்கும் தெரியும்.
விமானம் ஏறும்போது அதையும் கட்டிக்கொண்டுதானே வந்தோம்.

முதல் வருடம் கதைத்தார்கள்.
இரண்டாம் வருடம், ஒரேயொரு கிழமை,
திறப்பு கிழக்குக் கரைக்குப் போனது.
வாங்கிய பெண் அதை அரிசிப் பானைக்குள் வைத்தாளாம்.
மூன்று நாள் கதவைத் திறக்கவே பயந்தாளாம்.
அடுத்த மாதம் ஒருவரும் கொடுக்கவில்லை.
பிறகு கொடுத்தார்கள். பிறகு சண்டை.
பேசி முடித்த கலியாணம் ஒன்று நின்றது.
இங்கே வங்கி வட்டி போட்டுக்கொண்டிருந்தது.
அதுவும் ஆமை வேகம்தான்,
அதை மட்டும் ஒருவரும் குறை சொல்லவில்லை.

ஆண்டறிக்கையில் 'முன்னேற்றம்' என்றொரு கட்டம்.
அரிசிப் பானையை அதில் எப்படி எழுதுவது?
கோடு இழுத்துவிட்டேன்.

ஐந்தாம் வருடம் மாசியில் மறுபடி செல்வமதி.
இம்முறை நாய் இல்லை, பின்னால் பெண்களின் சிரிப்பு.
"இப்ப கொஞ்சக் காசு வேணும்.
பதினொரு திறப்பு வெட்ட.
ஒழுங்கைக்கு ஒண்டு."
கணக்குப் பார்த்தேன்.
முப்பத்தொரு டொலர். அனுப்புகூலி ஒன்பது.

சபையில் வாசித்தேன். சிலர் சிரித்தார்கள்.
தேத்தண்ணிக் கேத்தலோடு சுவரோரம் நின்ற யோகமலர்
சிரிக்கவில்லை.
கேத்தலை மேசையில் வைத்தாள்.
ஒரு கதிரையை இழுத்தாள்,
அந்தச் சத்தம் கராத்தேயையும் தாண்டியது.
இருந்துகொண்டு கேட்டாள்:
"இந்த மண்டபத்துத் திறப்பு ஆரிட்டை இருக்கு?"

பதில் எல்லோருக்கும் தெரிந்ததால்
ஒருவரும் சொல்லவில்லை.
கூட்டக் குறிப்பில் 'ஏனைய விடயங்கள்' என்று எழுதினேன்.
பிறகு அதை வெட்டிவிட்டு
அவள் பெயரையும் கேள்வியையும் எழுதினேன்.

இன்று அடுத்த கூட்டம். மைனஸ் பத்தொன்பது.
தலைவர் நானூற்றொன்றில் மாட்டுப்பட்டுவிட்டாராம்.
திறப்பு அவரிடம்.
வாசலில் நிற்கிறோம் பதினாலு பேர்,
மூக்கு நுனி எரிய.
கேத்தல் யார் கையில் என்று தெரியவில்லை.
யோகமலர் ஒரு கையுறையைக் கழற்றிவிட்டு
எங்களை எண்ணத் தொடங்குகிறாள்.