சொட்டுக் கணக்கு

மாங்குளத்தில் மதகு கட்ட வந்த கொம்பனி
போகும்போது விட்டுப்போனது இது:
தாரையும் கொங்கிறீற்றையும்
உள்ளே கிடந்த கம்பியோடு சேர்த்து அறுத்த
வட்ட வாள்.
பழைய இரும்புக்காரனிடம் நிறுவைக்கு வாங்கினேன்.
காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினால்
கண்டி வீதி கொஞ்சம் விழுந்தது.

தட்டைக் கழற்றினேன்.
தட்டின் கவசம், பெல்ட்,
பெல்ட்டைத் தாங்கிய நீட்டுக் கை.
மேசையில் எஞ்சின் மட்டும் மிஞ்சியது,
தோளோடு கை போன ஆளைப்போல.
இல்லை, அந்த உவமையை எடுத்துவிடுகிறேன்.
இந்த ஊரில் அது உவமை இல்லை.

செத்துப்போன செயின் சோ ஒன்றின்
கிளச் டிறம்மும் பற்சக்கரமும் சரியாய் உட்கார்ந்தன.
இரண்டும் ஒரே கொம்பனி, ஒரே வார்ப்பு,
தாய் வயிற்றுப் பிள்ளைகள்.
அலகை இறுக்க இரண்டு போல்ற்
நெடுங்கேணி லேத்தில் கடைவித்து வந்தேன்.
முதல்நாள் சங்கிலியைத் தலைகீழாய்ப் போட்டுவிட்டேன்.
முழு வேகத்தில் ஓடி
முதிரைக் கட்டையைத் தடவிக் கொடுத்தது.
பார்த்துக்கொண்டு நின்ற குலநாயகத்துக்குச்
சிரித்து விக்கல் எடுத்தது.

பிறகு ஒயில்.
கல்லறுக்கத் தண்ணீர் காணும்.
தண்ணீர்க் குழாய் இருந்தது, ஒயில் பம்ப் இல்லை.
பம்ப் வரவேண்டிய இடத்தில் ஒரு மேடு,
துளைக்காமல் விட்ட மேடு.
எங்கோ ஒரு தொழிற்சாலையில் ஒருவன்
இதற்கு இது தேவைப்படாது என்று
அடுத்ததைக் கையில் எடுத்திருக்கிறான்.
ஒயில் காணாத சங்கிலி
மூன்று நிமிசத்தில் நீலம் பாரித்துப்போகும்.

சைக்கிள் ஸ்ராண்ட் ஒட்டுவிக்க வந்த இன்பமலர்
மேட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.
"சேலைன் ரியூப் கொண்டுவந்தால் கட்டுவியளோ?"

மார்கழிப் புயலுக்கு
முத்தையன்கட்டு வாய்க்காலுக்குக் குறுக்கே
மருது விழுந்து கிடந்தது.
அந்தப்பக்கம் தண்ணீர் முட்டி நின்றது.
இந்தப்பக்கம் நாற்பது ஏக்கர் பயிர்
அண்ணாந்து நின்றது.
அலகின் வேரில் ரியூப் நுனி.
மற்ற நுனி, கம்பில் தூக்கிய போத்தலில்.
"கழிவொயில் தடிப்பு, கொஞ்சம் டீசல் கலவுங்கோ"
என்றாள்.
பெருவிரலால் அந்தச் சின்னச் சில்லை உருட்டினாள்.
"நிமிசத்துக்கு நாப்பது. காணும்."

எங்கே பழகியது என்று நான் கேட்கவில்லை.
குலநாயகமும் கேட்கவில்லை.

வனத்துறை ஐயா மோட்டார்சைக்கிளில் வந்தார்.
"செயின் சோவுக்குப் பதிவு?"
"இது செயின் சோ இல்லை, சேர்."
எஞ்சினில் ஒட்டியிருந்த தகட்டைக் காட்டினேன்.
குனிந்து வாசித்தார், கொங்கிறீற் வெட்டும் இயந்திரம்.
மரத்தைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார்.
இயந்திர வகை என்ற கட்டத்துக்கு மேல்
பேனை கனநேரம் நின்றது.
"விழுந்த மரந்தானே" என்று
வேறொரு கட்டத்தில் சரி போட்டுவிட்டு
வாய்க்கால் கட்டில் குந்திக்கொண்டார்.

சங்கிலிக்குப் பிறேக் இல்லை.
உதைத்தால் என் நெற்றிதான் பிறேக்.
வேகம் குறைவு, ஆனால் இழுவை எருமை இழுவை.
கல்லைத் தின்று வளர்ந்ததற்கு
மருது சோறு மாதிரி.
செந்தூள் என் சாரத்தில், ஐயாவின் சப்பாத்தில்,
இன்பமலரின் கண்ணிமையில்.
அவள் வாளைப் பார்க்கவில்லை.
சொட்டு விழுகிற அந்தச் சின்னக் குப்பியை
மட்டுமே பார்த்தாள்.
எஞ்சின் இரைச்சலில் கேட்காது,
ஆனால் உதடு அசைந்தது:
முப்பத்தேழு, முப்பத்தெட்டு.

கடைசிப் பட்டை முறிந்ததும்
மரம் இரண்டாய் உட்கார, நடுவால் தண்ணீர்
நுரையும் சருகும் செத்த நண்டுமாய்ப் பாய்ந்தது.
எல்லாரும் கத்தினார்கள்.
நான் எஞ்சினை நிறுத்துமுன்பே
அவள் சில்லை உருட்டி மூடிவிட்டாள்.
போத்தலை வெயிலுக்கு உயர்த்திப் பார்த்தாள்.
"இன்னொண்டுக்குக் காணும்."

என் கை ரெண்டும் பின்நேரம் வரை
நடுங்கிக்கொண்டு கிடந்தன.
ஐயா தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.
சைக்கிள் ஸ்ராண்டை
நான் இன்னும் ஒட்டிக் குடுக்கவில்லை.