ஈரம் காயும் வரை

குன்சான் துறைமுகத் தெருவில்
காசு போட்டால் துவைக்கும் கடை.
இரவு முறை எனக்கு.
மடிக்கணினியில் ஐந்நூறு வருடம் முந்தைய மலை.

பழங்கதையில் விறகுவெட்டி
குளிக்கும் வானமகளின் ஆடையை ஒளித்துவைப்பான்.
அதற்குப் பெயர் காதலாம்.
என் மக்தோல்
முதல் அத்தியாயத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான்.
அவள் பறந்துபோனால்
மீதிப் பதினொன்றுக்கு நான் எங்கே போவேன்?

மழையைக் கொண்டுவந்தேன்.
நனைந்த பட்டு பறக்காது.

அடுப்பு மூட்டுகிறான்.
சூடேறும் தரையில் ஆடையை விரித்து
ஆளுக்கொரு ஓரமாய் உட்கார்ந்திருக்கிறார்கள்,
மூன்று அத்தியாயமாக.
"காய்ந்ததா?"
தொட்டுப் பார்க்கிறாள்.
காய்ந்துதான் இருக்கிறது.
"இல்லை" என்கிறாள்.

நான்காம் எந்திரம் கூவி நிற்கிறது.
ஐஸ் தொழிற்சாலை பியோன்
சுடச்சுட இருக்கும் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு
இன்னொரு காசு போடுகிறார்.