பதினெட்டும் ஐந்தும்

விடியலில் கடல்நீர் பதினெட்டு டிகிரி.
வடக்கே, வடக்கே என்று போனோம்.
சமையற்கார இவாவோ அரிசி களைந்து
உலை வைத்து இறக்குவதற்குள் பதினொன்று.
விளக்கேற்றும்போது ஐந்து.
நடுவில் யாரும் கோடு கிழித்துவைக்கவில்லை.
பின்னால் விட்டுவந்தது மைக்கருப்பு,
முன்னால் கிடப்பது பாசிப்பச்சை,
அவ்வளவுதான்.

தெற்கிலிருந்து வருவது குரோஷியோ, கருநீர்.
வடக்கிலிருந்து இறங்குவது ஓயாஷியோ.
ஈன்ற நீர் என்று பொருளாம்,
மீனுக்கெல்லாம் தாயாம்.
என் காதில் அது
ஓயாதது என்றே விழுகிறது.

மறுவாரம் கருநீருக்கே திரும்பினோம்.
அன்றிரவு
சைபீரியாவின் காய்ந்த காற்று
கடல்மேல் வந்து குனிந்தது.
கடல் புகைந்தது.
வெந்நீரில் குளித்து
பனியில் வந்து நின்றவன் முதுகுபோல.
கேட்கத் தெரிந்த காற்று,
இல்லையென்று சொல்லத் தெரியாத நீர்.
மாலை வரைபடத்தில் நகக்குறி அளவே இருந்த தாழ்வு
நள்ளிரவில் எங்களைப் புரட்டிப் போட்டது.
இவாவோவின் பீங்கான் தட்டுகளில்
ஒன்றும் மிஞ்சவில்லை.
நாங்கள் கூட்டிப் பெருக்குகையில்
அது கிழக்கே போய்விட்டிருந்தது,
வாங்கிய சூட்டுக்குச் சீட்டெழுதாமல்.

நான்காம் நாள் அட்கா தீவிலிருந்து செய்தி.
அங்கே காற்றழுத்தம் குறிக்கும் லுக்கெரியா
எங்கள் ஷிஹோவுக்கு எழுதியிருந்தாள்:
"உங்கள் ஊர்ப் புயல் வந்து சேர்ந்தது.
பாரமானி 951.
நண்டுப் பொறி எழுபதைக் காணோம்,
கோயில் கூரையில் மூன்று தகரத்தையும்.
அடுத்தமுறை
கதவைத் தட்டிவிட்டு வரச் சொல்."

ஷிஹோ சிரிக்கவில்லை.
"எங்களுடையது இல்லை" என்று தட்டினாள்.
"நாங்கள் வழி மட்டும்தான் காட்டினோம்."
பிறகு அதையும் அழித்தாள்.

வழி காட்டியது யார்?
பதினெட்டும் ஐந்தும் உரசுமிடத்தில்
புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வரிசை பிடிக்கின்றன.
அட்காவின் பக்கம் போய்க் குவிகின்றன.
குவிந்த சுழல் கடலை அழுத்துகிறது.
அந்த அழுத்தம் மேற்கே ஊர்ந்து
மூன்று நான்கு ஆண்டு கழித்து
இதே கருநீரை இடமாற்றிப் போடுகிறது.
வரிசையும் அதோடு நகர்கிறது.
ஆட்டுவிப்பவர் ஆடுகிறார்,
ஆடுபவர் ஆட்டுவிக்கிறார்.
ஷிஹோவின் வரைபடத்தில்
அம்புக்குறிகளுக்கு இருபுறமும் தலை.

இன்னொன்றும் கேட்டேன்.
உயரே ஓடும் காற்றாறு
ஜனவரியில்தான் முழுவேகம்.
புயல்களோ அப்போதுதான் இளைக்கின்றன,
நவம்பரில் கொழுத்து, மார்ச்சில் மறுபடி கொழுத்து.
ஏன்?
ஆறு காரணம் சொன்னாள்.
ஆறும் போதாது என்றும் சொன்னாள்.

ஆகஸ்டில் அதே இடத்துக்கு மறுபடி போனோம்.
மேலே கடல் வெதுவெதுப்பாய், அப்பாவியாய்.
வின்ச்சில் நான்.
நூற்றிருபது மீட்டரிலிருந்து
குடுவை ஏறி வந்தது.
பிடித்த கை சுருக்கென்றது.

கோடை ஒரு மூடி மட்டும்தானாம்.
அதன் அடியில்
போன குளிர்காலம் அப்படியே படுத்திருக்கிறது.
நவம்பரில் முதல் புயல் வந்து கலக்கும்போது
எழுந்து மேலே வரும்,
வரப்போகும் புயல்களின் காலடியில் நிற்கும்.

குடுவையைக் கொஞ்சநேரம்
கன்னத்தில் வைத்திருந்தேன்.
தட்டுகள் உடைந்த அந்த இரவு.

கீழே மணியடித்தது, சாப்பாடு.
இவாவோ புதுத் தட்டுகள் வாங்கியிருந்தான்.
தகரத்தில்.